பங்களா நாயின் பூர்வீகம்

மலையக மக்களின் வரலாறு பற்றிக் கடந்த ஐம்பது ஆண்டுகளில் வெளிவந்த நூல்களும் கட்டுரைகளும் ஒரு சிறு நூலகத்தை நிரப்பப் போதுமானவை. கோப்பி, தேயிலை, கங்காணி, துண்டு, தொழிற்சங்கம், பிரஜாவுரிமை என்று அவை தொடாத பொருள் குறைவு. ஆனால் துரைமார் பங்களாவின் வாசற்படியில் படுத்திருந்த நாயைப் பற்றி அதிகம் எழுதப்பட்டதாக நான் அறியேன். நாயில் என்ன வரலாறு இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கக்கூடும். ஒரு நாயினத்தின் பூர்வீகத்தைத் தேடிப் போனால், அதை முதலில் வளர்த்தவன் யார், அவனுக்கு எவ்வளவு நிலம் இருந்தது, பயிருக்குள் எது வராமல் பார்த்துக்கொள்ளும்படி அதைப் பழக்கினான் என்பனவெல்லாம் தெரியவரும். ஷெட்லாந்து மேய்ப்பு நாய் எனப்படும் சிறிய நாயினத்தின் கதை அத்தகையது.

தலவாக்கலையிலிருந்து லிந்துலை வழியாக அக்கரப்பத்தனை வரை செல்பவர், வழிநெடுக ஸ்கொட்லாந்தின் ஊர்ப்பெயர்களைத் தோட்டப் பெயர்ப்பலகைகளில் காண்பார். ஹொலிரூட், லோகி, டில்லிகூல்ட்றி, எல்டன் ஹோல், கிளாஸ்கோ, பெல்மோரல் என்று அந்த வரிசை நீளும். இலங்கையில் 1867ஆம் ஆண்டு லூல்கந்துரையில் வணிக நோக்கில் தேயிலை பயிரிடத் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லரும் ஸ்கொட்லாந்தின் கின்கார்டின்ஷயரைச் சேர்ந்தவர்தான். 1869இல் கோப்பி இலைகளில் தோன்றிய துரு நோய் அடுத்துவந்த ஆண்டுகளில் கோப்பியை அழித்தபின், திம்புளைப் பகுதி முழுவதும் தேயிலைக்கு மாறியது. 1885இல் புகையிரதப் பாதை நானுஓயா வரை வந்துசேர்ந்தது. அந்தப் பாதையில் இயந்திரங்களும் விஸ்கியும் பியானோவும் வந்தன, நாய்களும் வந்தன.

துரைமாருக்கு முன்பே நாய்கள் நுவரெலியாவுக்கு வந்துவிட்டன என்பதையும் சொல்லவேண்டும். பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர், 1848இல் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் கிராமத்தையே அமைக்க முயன்றபோது, இங்கிலாந்திலிருந்து கால்நடைகளோடு வேட்டை நாய்க் கூட்டமொன்றையும் கொண்டுவந்தார். மரை வேட்டைக்காக வந்த பெரிய நாய்கள் அவை. நான் சொல்லவருவது அவற்றைப் பற்றியல்ல. முழங்கால் உயரம்கூட இல்லாத, நரியைப் போன்ற முகமும் கழுத்தைச் சுற்றி வெண்ணிறப் பிடரிமயிரும் கொண்ட சிறு நாயைப் பற்றியது இது.

ஷெட்லாந்து என்பது ஸ்கொட்லாந்துக்கு வடக்கே, நோர்வேக்கும் அதற்கும் நடுவில் கிடக்கும் தீவுக் கூட்டம். நூறு தீவுகள் அளவில் உண்டு. மக்கள் வாழ்வது பதினாறு தீவுகளில்தான். 1469ஆம் ஆண்டு டென்மார்க் - நோர்வே அரசன் முதலாம் கிறிஸ்டியன், தன் மகளின் சீதனப் பணத்துக்கு ஈடாக இத்தீவுகளை ஸ்கொட்லாந்து அரசனிடம் அடகு வைத்தான். அந்த அடகு மீட்கப்படவேயில்லை. மரம் அரிது, காற்று ஓயாது, புல் மெலிந்தது. அந்த நிலத்தில் குதிரை சிறுத்தது, ஆடு சிறுத்தது, மாடும் சிறுத்தது. கிடைக்கும் தீனிக்கேற்ப நாயும் சிறுத்ததில் வியப்பில்லை.

அங்கே குடியானவன் நிலத்துக்குச் சொந்தக்காரனல்லன். நிலக்கிழாரிடம் வாரத்துக்கு எடுத்த சிறு துண்டு நிலத்தில் ஓட்ஸும் பார்லியும் கோவாவும் பயிரிட்டான். பயிர் நிலத்தைச் சுற்றி ஒரு கல்வேலி. அதற்கு அப்பால் எல்லாருக்கும் பொதுவான மேய்ச்சல் மலை. ஆடுகள் மலையில் திரியும். வேலி தாண்டி உள்ளே வந்தால் குடும்பத்தின் ஓராண்டு உணவு போய்விடும். ஆண்கள் கோடை முழுவதும் ஆறு துடுப்புப் படகுகளில் ஆழ்கடல் மீன்பிடிப்புக்குச் சென்றுவிட, வீட்டில் பெண்களும் பிள்ளைகளும் முதியோரும்தான் இருந்தனர். அவர்களுக்குத் துணையாக நின்றது அந்தச் சிறு நாய். மந்தையைக் காதவழி ஓட்டிச் செல்வது அதன் முதன்மையான வேலையன்று. பயிருக்குள் ஆடு புகாமல் குரைத்துத் துரத்துவதே அதன் தலையாய பணி. வேலிக்குட்பட்ட பயிர்நிலத்துக்கு அத்தீவினர் வழங்கிய ‘டூன்’ என்ற சொல்லை ஒட்டி, அந்த நாய்க்கு ‘டூனி நாய்’ என்றே பெயர் இருந்தது.

நம் நாட்டில் இடையர்கள் இந்த வேலையைப் பெரும்பாலும் தாங்களே செய்தார்கள். தூறல் மழையில் கோலூன்றி நின்று, உதட்டை மடித்து ஒலியெழுப்பி, ஆட்டுமந்தையை ஓரிடத்தில் நிறுத்தும் இடையன் ஒருவனை நற்றிணை நமக்குக் காட்டுகிறது. அங்கே மந்தையை ஆள்வது மனிதனின் வாயொலி. ஷெட்லாந்தில் நாயின் குரல். இன்றும் இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கங்களில் வயலில் கிடை போடும் கீதாரிகளிடம் நாய் உண்டு என்றாலும், அது பெரும்பாலும் நரிக்கும் திருடனுக்கும் காவலாக இருப்பது.

ஷெட்லாந்துக் குடியானவனின் கதையில் மலையகத்தவருக்குப் பழகிய ஒரு பகுதி உண்டு. அவன் பிடித்த மீனை நிலக்கிழாருக்கோ அவருடைய வணிகருக்கோதான் கொடுக்கவேண்டும். விலையை அவர்கள் நிர்ணயிப்பார்கள். மாவும் தூண்டிலும் துணியும் அவர்கள் கடையில்தான் வாங்கவேண்டும். ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் கடன்தான் மிஞ்சும். கடன் தீராமல் நிலத்தை விட்டுப் போகமுடியாது. இம்முறையை ஆராய அமைக்கப்பட்ட ஆணைக்குழு 1872இல் தன் அறிக்கையை வெளியிட்டது. இலங்கைத் தோட்டங்களில் தொழிலாளியின் கடன் தொகையை எழுதிய துண்டு ஒன்று, அவனை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கைமாற்றிய முறை 1921 வரை சட்டப்படி நீடித்தது. மீனுக்குப் பதில் கொழுந்து, வணிகருக்குப் பதில் கங்காணி.

ஷெட்லாந்தின் சில தீவுகளில், குறிப்பாக ஃபெட்லாரில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலக்கிழார்கள் ஆடு வளர்ப்பு இலாபமென்று கண்டு குடியானவர்களையே வெளியேற்றினார்கள். தன் பயிருக்குள் ஆடு வராமல் இருக்க நாய் வளர்த்தவன், கடைசியில் ஆட்டுக்காகத் தன் நிலத்தை இழந்தான். 1886ஆம் ஆண்டின் சட்டம் வந்தபிறகே எஞ்சியோருக்குக் குத்தகைப் பாதுகாப்புக் கிடைத்தது.

அந்த நாய் எப்படிப் பங்களா நாயாகியது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தீவுகளுக்கு வந்த கடற்படையினரும் உல்லாசப் பயணிகளும் இந்தச் சிறு நாயின் அழகில் மயங்கி விலைகொடுத்து வாங்கத் தொடங்கினர். சிறியதாகவும் சடைத்ததாகவும் இருந்தால் விலை கூடும் என்பதை உணர்ந்த தீவு மக்கள் அதற்கேற்ப இனங்கலந்தனர். வறியவனுக்கு நாயும் ஒரு வருமானம். 1908இல் தீவின் தலைநகரான லேர்விக்கில் இதற்கெனச் சங்கம் தோன்றியது. முதலில் ‘ஷெட்லாந்து கொலி’ என்று பெயரிட்டனர். பெரிய கொலி நாய் வளர்ப்போர் அதை எதிர்க்கவே, 1914 அளவில் ‘ஷெட்லாந்து மேய்ப்பு நாய்’ என்ற பெயர் நிலைத்தது. முதலாம் உலகப் போருக்குப் பின் கொலி நாய்களோடு கலந்து, இன்று நாம் காணும் உருவத்தை உறுதிப்படுத்தினர். டூனி நாய் இப்படித்தான் பரம்பரைப் பதிவேடு உள்ள சீமான் வீட்டு நாயானது. வேல்ஸில் மாடு ஓட்டிய குட்டைக்கால் கோர்கி நாய், 1933இல் ஆறாம் ஜோர்ஜ் குடும்பத்துக்குள் நுழைந்து அரண்மனை நாயானதும் இதே வகைக் கதைதான்.

தேயிலை மலையில் இந்த நாய்க்கு வேலை ஏதும் இல்லை. தேயிலைக்குள் மாடு மேய விடமாட்டார்கள். தோட்டத்து மக்கள் லயத்தின் பின்னே தொழுவம் கட்டி, புல் அறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டுவந்தே மாடு வளர்க்கிறார்கள். மந்தை என்ற ஒன்றே இல்லாத மலையில் மேய்ப்பு நாய் எதை மேய்க்கும்? கோப்பிக் காலத்தில் கண்டியக் கிராமத்தவரின் மாடுகள் தோட்டங்களுக்குள் புகுந்ததால் ஓயாத பிணக்குகள் நிகழ்ந்தன என்பது உண்மை. கிராமத்தவரின் பொது மேய்ச்சல் நிலம் 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தால் கைவிட்டுப் போனதே அதற்கு ஒரு காரணம். ஆனால் அந்த மாடுகளை மறித்துக் காவல் காத்தது நாயல்ல, மனிதக் காவற்காரன்தான்.

எழுபதுகளின் முற்பகுதியில், காணிச் சீர்திருத்தம் பற்றிச் செய்தி சேகரிக்கத் தலவாக்கலைப் பக்கம் சென்றிருந்தபோது ஒரு பங்களாவில் இவ்வகை நாயொன்றைக் கண்டேன். துரை நாட்டைவிட்டுப் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். முன்மண்டபச் சுவரில் நாயின் வம்சாவளிப் பத்திரம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. நாயைக் குளிப்பாட்டிச் சீவிவிடும் வேலை செய்த முதியவர், நான் அதை வாசிப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தொரையோட நாய்க்கு அப்பன், பாட்டன், பூட்டன் பேரெல்லாம் கடுதாசியில இருக்குங்க ஐயா. எங்க பாட்டன் எந்த லயத்துல பொறந்தாருன்னு கேட்டா நாங்க எங்கங்க போறது?”

அவர் உவமை சொல்லவில்லை, சட்டத்தைச் சொன்னார். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளியால் பிரஜையாக வேண்டுமானால் அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்கவேண்டும்; அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்கவேண்டும். அதற்குப் பத்திரம் வேண்டும். லயத்துக் காம்பிராவில் பிறந்த பழைய தலைமுறையினரில் பலருக்குப் பிறப்புச் சான்றிதழே இல்லை. லண்டன் நாய்ச் சங்கம் 1873இல் தொடங்கி மறு ஆண்டே வம்சப் பதிவேட்டை அச்சிட்டுவிட்டது. நாய்க்கு மூன்று தலைமுறைப் பெயர் காட்டுவது எளிதாயிற்று. மூன்று தலைமுறையாக அந்த மலையில் உழைத்தவருக்கு இயலாமற்போயிற்று. ‘வம்சாவளி’ என்ற ஒரே சொல்லை இரண்டு இடத்திலும் நாம் வழங்குகிறோம் என்பதை அன்றுதான் கவனித்தேன்.

லயத்திலும் நாய்கள் இருந்தன, இருக்கின்றன. அவற்றுக்கு இனப் பெயரில்லை. 1893இல் நீர்வெறுப்பு நோய்ச் சட்டமும் 1901இல் நாய்ப் பதிவுச் சட்டமும் வந்தபின், பதிவற்ற நாயைப் பிடித்துக் கொல்வது அரசின் வழக்கமான நடவடிக்கையாயிற்று. தெருநாய்களைக் கொல்லாமல் கருத்தடையாலும் தடுப்பூசியாலும் கட்டுப்படுத்தும் கொள்கை 2006இல்தான் வந்தது. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியா செல்லவேண்டும் என்று முடிவாகியது. அந்த ஆண்டுகளில் தலவாக்கலை, ஹட்டன் புகையிரத நிலையங்களில் நின்றவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். தகரப் பெட்டியும் பாயும் பானையுமாகக் குடும்பங்கள் ஏறும். லயத்திலிருந்து பின்தொடர்ந்து வந்த நாய், வண்டி நகர்ந்ததும் மேடையின் கடைசிவரை ஓடி, அங்கே நின்றுவிடும். நான் எழுதிய செய்திகளில் மனிதர்களின் எண்ணிக்கையைக் கொடுத்தேன். நாய்களை எண்ணுவது நிருபரின் வேலையன்று. ஆனால் வண்டியில் ஏறியவர்கள் பலர், நீலகிரியிலோ கொடைக்கானலிலோ பிற்காலத்தில் சந்தித்தபோது, விட்டுவந்த நாயின் பெயரை மறவாமல் சொன்னார்கள்.

இனி இந்த நாயின் இயல்பைச் சொல்லவேண்டும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் வாழும் நம்மவர் வீடுகளில் இது இப்போது அரிதன்று. படத்தைப் பார்த்து, பொம்மை போன்றிருக்கிறது என்று வாங்குவோர் பலர். வாங்குமுன் அதன் பூர்வீகத்தை அறிந்தால் இரு தரப்புக்கும் நல்லது.

ஷெட்லாந்து நாய் குரைக்கும். குரைப்பதற்காகவே அது வளர்க்கப்பட்டது. பயிருக்குள் ஆடு வந்தால் வாயைத் திறவாத நாயை அந்தத் தீவில் எவரும் வைத்திருந்திருக்கமாட்டார். அடுக்குமாடி வீட்டில் அதை அடைத்துவைத்து, குரைக்கிறதே என்று அடிப்பது நியாயமில்லை. வாசல் மணி அடித்தால் இரண்டுமுறை குரைத்து நிறுத்தக் குட்டியிலிருந்தே பழக்கலாம். முற்றாக ஊமையாக்க முடியாது. ஓடும் எதையும் அது மறிக்கப் பார்க்கும். சைக்கிள், மோட்டார் வாகனம், முற்றத்தில் ஓடும் பிள்ளைகள் எல்லாம் அதன் கண்ணுக்குச் சிதறும் மந்தைதான். பிள்ளைகளின் குதிகாலை மெல்லக் கவ்வுவதும் உண்டு. அது கோபமன்று, தொழில். தெருவில் வாரில்லாமல் விட்டால் வாகனத்தை மறிக்கப் போய் உயிரிழக்கும்.

அறிவில் இதற்கு நிகரானவை சில இனங்களே. கனடிய உளவியலாளர் ஸ்டான்லி கோரன் 1994இல் வெளியிட்ட தரவரிசையில், கட்டளையைப் புரிந்துகொள்வதில் இதற்கு ஆறாம் இடம் கிடைத்தது. கூர்மையான அறிவோடு கூச்சமும் சேர்ந்திருக்கிறது. வீட்டாரிடம் ஒட்டிக்கொள்ளும், அந்நியரிடம் விலகி நிற்கும். உரத்த அதட்டலில் ஒடுங்கிப்போகும். மென்குரலில் சொல்லி, செய்தவுடன் ஒரு துண்டு உணவு கொடுத்தால் விரைவில் கற்கும். வேலையில்லாத நாள்தான் அதற்குப் பெரிய தண்டனை. காலையும் மாலையும் நடை, ஒளித்துவைத்த பொருளைத் தேடுதல், புதிய கட்டளை கற்றல் என்று ஏதாவது வேண்டும்.

பராமரிப்பில் முதலாவது மயிர். வெளியே நீண்ட முரட்டு மயிர், உள்ளே பஞ்சு போன்ற அடிமயிர் என்று இரண்டு அடுக்கு. வாரம் இரண்டு மூன்று முறை தோல்வரை சீவவேண்டும். காதுக்குப் பின்னும் தொடையிலும் சடைபிடிக்கும். வெயிலுக்கு இதமென்று எண்ணி மொட்டையடிப்பது தவறு. அந்த மயிரே தோலை வெயிலிலிருந்தும் காக்கிறது, மீண்டும் சரியாக வளராமலும் போகலாம். கொழும்பு, யாழ்ப்பாணம், சென்னை போன்ற இடங்களில் நண்பகலில் வெளியே கொண்டுசெல்லாமல், நிழலும் காற்றும் நீரும் கொடுப்பதே வழி.

தலவாக்கலை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில் இருப்பதால் வெப்பம் அங்கே தொல்லையில்லை, ஈரம்தான் தொல்லை. தென்மேல் பருவமழை மாதங்களில் நனைந்த அடிமயிர் காயாமல் தோலில் புண் வரும். வெளியே போய் வந்ததும் வயிற்றையும் கால்விரல் இடுக்கையும் துடைத்து உலர்த்தவேண்டும். அட்டையும் உண்ணியும் இருக்கின்றனவா என்று தடவிப் பார்க்கவேண்டும். இரவில் வெளியே கட்டிவைக்கக்கூடாது. தோட்டத்து மக்கள் புலி என்று சொல்லும் சிறுத்தை, லயத்தோரம் வருவது பெரும்பாலும் நாயைத் தேடித்தான். நம் வீட்டுக் கறியில் மிஞ்சியதைப் போடும் வழக்கத்தையும் விடவேண்டும். வெங்காயமும் வெள்ளைப்பூண்டும் நாயின் இரத்தத்தைக் கெடுப்பவை. நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் கட்டாயம்.

எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்றைத் தனியாகச் சொல்கிறேன். ஐவர்மெக்டின் என்ற மருந்து உண்ணி, சொறி, புழு ஆகியவற்றுக்கு மாட்டுக்கும் நாய்க்கும் பரவலாகப் பயன்படுவது. அதன் தாய் மருந்தைக் கண்டறிந்த சத்தோஷி ஓமுராவும் வில்லியம் கெம்பலும் 2015இல் நோபல் பரிசு பெற்றனர். கோடிக்கணக்கான மனிதரைக் காத்த அதே மருந்து, கொலி வழிவந்த நாய்களில் சிலவற்றைக் கொல்லக்கூடியது. மருந்து மூளைக்குள் புகாமல் தடுக்கும் ஒரு புரதம் அவற்றில் பழுதாகியிருப்பதே காரணம். வொஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001இல் அந்த மரபணுப் பழுதைக் கண்டுபிடித்தனர். ஷெட்லாந்து நாய்களிலும் ஒரு பகுதியினவற்றுக்கு அது உண்டு. இதயப்புழுத் தடுப்புக்கு மருத்துவர் தரும் மிகச் சிறிய அளவு ஆபத்தில்லை. தொழுவத்து மாட்டுக்கு வாங்கிய ஊசிமருந்தில் மிஞ்சியதை நாய்க்கும் போட்டுவிடுவதுதான் ஆபத்து. மரபணுச் சோதனைக்கு வசதியில்லாத இடத்தில், இந்த நாய்க்கு அப்பழுது இருப்பதாகவே கருதி மருத்துவரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். பூர்வீகம் தெரிந்திருப்பது உயிரையும் காக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மலையகத்தின் இந்திய வம்சாவளியினருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பிரஜாவுரிமைப் பிரச்சினையைப் பெருமளவுக்குத் தீர்த்தது. ஆனால் லயத்தில் வாழ்வோரில் பெரும்பாலானோருக்குக் குடியிருக்கும் மண்ணுக்கு உறுதிப் பத்திரம் இன்னும் இல்லை. ஷெட்லாந்துக் குடியானவனுக்கு 1886இல் கிடைத்த பாதுகாப்பு, அவன் நாட்டவர் பெயர் சூட்டிய தோட்டங்களில் உழைப்பவருக்கு இன்றுவரை கிட்டவில்லை. வீட்டில் இந்தச் சிறு நாயை வளர்ப்பவர்கள் அதன் குரைப்பைக் கேட்கும்போது ஒன்றை நினைவில் கொள்ளலாம். தனக்கென்று ஒரு துண்டு நிலமும் இல்லாத ஒருவன், தன் பிள்ளைகளின் உணவைக் காக்க அதற்குக் கற்றுக்கொடுத்த குரல் அது.